பத்து லிட்டர் பெட்டி

கம்ப்யூட்டர் பெட்டியை லிட்டரில் அளப்பார்கள் என்பது அறுபத்தெட்டு வயதில்தான் எனக்குத் தெரிந்தது. பாலை அளப்போம், எண்ணெயை அளப்போம். தகரப் பெட்டியை எப்படி லிட்டரில் அளப்பது என்று மகளிடம் கேட்டேன்.

"உள்ள எம்புட்டு எடம் இருக்குன்னு பாக்கத்தான்ம்மா. இது பத்து லிட்டரு. பெரிய பொட்டின்னா நாப்பது அம்பதுகூட வரும்."

"பத்து லிட்டர்னா நம்ம பால்கேன் அளவா?"

"அம்புட்டுத்தான். அதுக்குள்ள அம்புட்டுச் சாமானையும் அடைக்கணும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சித்திரையில் வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் அவள் பல் தெரியச் சிரித்துப் பார்த்தேன். அதனால்தான் அந்தப் பேச்சு அப்படியே மனதில் நிற்கிறது.

அவள் ஏன் வந்தாள் என்பதைச் சொல்லாமல் இந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல முடியாது. உசிலம்பட்டிப் பக்கம் ஓர் ஊரில் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தோம். தோட்டம், மாடு, கிணறு எல்லாம் உள்ள வீடு. மருமகன் குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார். அதனாலேயே அவள் பட்டதை யாரிடமும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. வாசலில் நின்றால் ஏன் நின்றாய், சிரித்தால் எதற்குச் சிரித்தாய், சும்மா இருந்தால் யாரை நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஒன்பது வருடம் இப்படியே போனது. பிள்ளையும் இல்லை. சித்திரைத் திருவிழாவுக்கு வந்தவள், கொண்டுவந்த பையைப் பிரித்துச் சேலைகளை என் பீரோவில் அடுக்கினாள். "நான் போகலம்மா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நானும் ஏன் என்று கேட்கவில்லை. எனக்குப் பேச்சு வராது. பள்ளிக்கூடத்தில் அஞ்சு வருஷமும் கடைசி வரிசையில் உட்கார்ந்து, தெரிந்த பதிலையும் வாய்க்குள்ளேயே வைத்திருந்தவள் நான். வயசாகியும் அது மாறவில்லை.

மகன் கேட்டான். கேட்கத்தான் செய்வான். ஒத்தக்கடையில் நாங்கள் இருக்கிற வீடு அவன் கட்டியது. அவனும் மருமகளும் மாடியில் இருக்கிறார்கள். கீழே முன் அறை எனக்கு.

"எம்புட்டு நாளைக்கு புள்ள இப்பிடி?"

"வேலைக்குப் போறேண்ணே. என் செலவ நான் பாத்துக்கிருவேன்."

"செலவா இப்பப் பிரச்சன? நாளைக்கு நாலு பேரு என்னையத்தான கேப்பாய்ங்க, தங்கச்சிய வீட்டோட வச்சிருக்கியேன்னு."

"வேலைன்னு ஒண்ணு கெடச்சிருச்சுன்னா தனியா வீடு பாத்துக்கிருவேன். அம்மாவையும் கூட்டிட்டுப் போயிருவேன். ஒனக்கு ஒரு பேச்சும் வராது."

பெரியவர்கள் வரை பேச்சுப் போனது. அவள் மாமியார் வீட்டிலிருந்தும் ஆட்கள் வந்து உட்கார்ந்து பேசினார்கள். கடைசியில், ஆடி கழியட்டும், ஆவணி பத்தாம் தேதிக்குள் வந்து அழைத்துப்போகிறோம் என்று சொல்லிவிட்டு எழுந்தார்கள். அவர்கள் போனபின் மகன் என்னிடம் தனியாகச் சொன்னான். அதற்குள் அவளுக்கு ஒரு வேலை அமைந்துவிட்டால், வருகிறவர்களிடம் தானே பேசித் திருப்பி அனுப்பிவிடுவதாகச் சொன்னான். அமையாவிட்டால் அவள் போகத்தான் வேண்டும் என்றும் சொன்னான். சொன்னதைச் செய்கிறவன். இரண்டையும் செய்வான் என்று எனக்குத் தெரியும்.

வேலை கிடைத்தது. சிம்மக்கல் பக்கம் ஒரு கட்டட டிசைன் ஆபீஸ். கட்டப்போகிற வீடு முடிந்தபின் எப்படி இருக்கும் என்று, சுவரில் வெயில் விழுவது வரைக்கும் கம்ப்யூட்டரில் படமாகச் செய்து காட்டுகிற வேலை. பாலிடெக்னிக் முடித்துக் கல்யாணத்துக்கு முன் அதைத்தான் அவள் செய்துகொண்டிருந்தாள். அப்போது கூட வேலை பார்த்த ஒரு பெண் இப்போது அங்கே மேற்பார்வையில் இருந்தாள். ஆவணியில் வருகிற முதல் திங்கள்கிழமை வந்து சேரச் சொன்னாள். ஒரே ஒரு நிபந்தனை. கம்ப்யூட்டர் சொந்தமாக இருக்க வேண்டும். நாலு நாள் வீட்டிலிருந்து வேலை, இரண்டு நாள் ஆபீஸில். ஆபீஸுக்கு வரும்போது அதையும் கையோடு கொண்டுவர வேண்டும்.

"அப்பன்னா லேப்டாப் வாங்கிரு தாயி" என்றேன். அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த பெயர்.

"இந்த வேலைக்குத் தாங்குற லேப்டாப் நம்மளால ஆகாதும்மா. சாமான் சாமானா வாங்கி நானே மாட்டிக்கிறேன். சின்னப் பொட்டியா. டவுன் பஸ்ல மடில வச்சுக்கிட்டுப் போற மாதிரி."

வாங்குவதற்கு முன் அவள் செய்த காரியம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பீரோ மேல் கிடந்த சேலை டப்பாக்களை எடுத்து, ஒவ்வொரு சாமானின் அளவுக்கும் அட்டையை வெட்டி ஒட்டினாள். இது போர்டு, இது விசிறி, இது கரண்ட் தருகிறது, இது படத்தைக் காட்டுகிற கார்டு என்று ஒவ்வொன்றிலும் பேனாவால் எழுதினாள். பெட்டியையும் அட்டையிலேயே செய்தாள். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வைத்துப் பார்த்தாள். விசிறி ஒரு விரற்கடை உயரம் அதிகம் என்றால் வேறு விசிறி தேடினாள். கார்டு இடித்தது என்றால் வேறு கார்டு. இப்படி ஒரு வாரம் தரையெல்லாம் அட்டை. மருமகள் மாடியிலிருந்து இறங்கி வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னத்த, மகளுக்குச் சொப்புச்சாமான் வாங்கிக் குடுக்கலன்னு இப்ப செஞ்சு வெளாடுறாளா?"

"ஆமா மதினி, சோறு பொங்குனதும் கூப்புடுறேன், சாப்பிட வாங்க" என்றாள் மகள், தலையைத் தூக்காமல்.

நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன்.

ஆடித் தள்ளுபடி போட்டிருந்தார்கள். டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் எல்லாச் சாமானும் சொல்லிவைத்து வாங்கினாள். அந்த அளவு போர்டு மட்டும் மதுரையில் யாரிடமும் கையிருப்பு இல்லை, சென்னையிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார்கள். ஆடி எட்டாம் தேதி இரண்டு கட்டைப்பை நிறையத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். வேர்வையில் ஜாக்கெட் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. தண்ணீர்கூடக் குடிக்காமல் பாயை விரித்து எல்லாவற்றையும் பரப்பினாள். போர்டு என் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து விரித்த அளவுதான். அதில் எவ்வளவு கோடு, எவ்வளவு புள்ளி. பெரிய ஊரை மேலிருந்து பார்த்ததுபோல இருந்தது.

"இப்ப என்ன செய்யப்போற?"

"பொட்டிக்குள்ள ஏத்துறதுக்கு முன்னாடி வெளிய வச்சே ஒரு தடவ ஆன் பண்ணிப் பாக்கணும்மா. ஒழுங்கா ஓடுதா இல்லையான்னு. உள்ள ஏத்திட்டா அப்பறம் கழட்டுறது பெரும்பாடு."

போர்டு வந்த டப்பாவையே மேசைபோலக் கவிழ்த்து அதன்மேல் போர்டை வைத்தாள். விசிறியைப் பொருத்தினாள். கரண்ட் வயரைச் சுவரில் செருகப் போனாள்.

"ஏத்தா, இன்னைக்கு வேணாமே" என்றேன்.

அவள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"ஏம்மா?"

"ஆடில வேணாம். மொத மொத உசுரு குடுக்குறது. ஆவணி பொறக்கட்டும்."

அப்படிச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருந்தது. இவளுக்குக் கல்யாணம் பேசியபோது தட்டு மாற்றியது ஆடியில்தான். மாப்பிள்ளை வீட்டார் அவசரப்பட்டார்கள். இவள் அப்பா உயிரோடு இருந்தார். ஆடியில் வேண்டாமே என்று என் நாக்கு நுனி வரை வந்தது. நாலு பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் எப்படிச் சொல்வது என்று அடுப்படியிலேயே நின்றுவிட்டேன். அவள் அங்கே கஷ்டப்படுகிறாள் என்று கேள்விப்படுகிற ஒவ்வொரு தடவையும் நான் அந்த அடுப்படியில்தான் போய் நிற்பேன். இதையெல்லாம் அன்றைக்கு அவளிடம் சொல்லவில்லை. வேண்டாம் என்று மட்டும்தான் சொன்னேன். என் வாழ்க்கையில் யாரையும் பார்த்து வேண்டாம் என்று நான் சொன்னது அது ஒன்றாகத்தான் இருக்கும்.

"ம்மா, கம்ப்யூட்டருக்குமா ஆடி பாப்பாங்க? கடைக்காரனே ஆடிக்குத்தான் தள்ளுபடி போடுறான்."

"வாங்கலாம். வாங்குறதுக்கு என்ன. பால் காச்சுறது மட்டும் ஆவணில காச்சலாம்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையிலிருந்து பில்லை எடுத்து ஒருமுறை படித்தாள். அதை நாலாக மடித்துப் பீரோவில் வைத்தாள்.

"சரி. வேல ஆவணிலதான ஆரம்பிக்குது. நீ சொல்றபடியே செய்வோம். மாட்ட மட்டுமாவது விடுவியா?"

"மாட்டு தாயி. மாட்டுறதுக்கு ஒண்ணுமில்ல."

இரண்டு நாள் மாட்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து போன் வெளிச்சத்தைப் பிடித்தேன். திருகாணிகளை எவர்சில்வர் தட்டில் போட்டு, அவள் கேட்க கேட்க எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பெட்டியில் ஒரு வரிசை இருந்தது. முதலில் வைக்க வேண்டியதைப் பிறகு வைக்க முடியாது. வயரை இழுத்து ஓரமாகக் கட்டாமல் போர்டை வைத்துவிட்டால், மறுபடி போர்டைக் கழற்றித்தான் வயருக்குப் போக வேண்டும். போர்டுக்கும் கார்டுக்கும் நடுவில் ஒரு தகரச் சுவர். இந்தப் பக்கம் போர்டு, அந்தப் பக்கம் கார்டு, இரண்டுக்கும் நடுவில் பட்டையாக ஒரு வயர் மடங்கிப் போகிறது. அதை அழுத்தி மடிக்கக் கூடாது என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு வளைத்தாள். விரலில் இரண்டு இடத்தில் தகரம் கீறி ரத்தம் வந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு மாட்டினாள். மூடியைச் சாத்திக் கடைசித் திருகாணியை முடுக்கியபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒன்பது வருஷத்தில் காணாமல் போயிருந்த பிள்ளை அது.

ஆடி முழுக்க அது பீரோவுக்குப் பக்கத்தில் இருந்தது. நான் தினமும் தூசி துடைப்பேன். அவள் தூக்கிப் பார்ப்பாள், பையில் வைத்துத் தோளில் மாட்டிப் பார்ப்பாள். வாரத்துக்கு இரண்டு நாள் சிம்மக்கல் போய்வர எந்த பஸ் என்று விசாரித்துவைத்தாள். தனி வீடு எங்கே பார்க்கலாம் என்றுகூடப் பேசினோம். அவள் பேசுவாள், நான் தலையாட்டுவேன். எனக்கு அந்த நாட்கள் சந்தோஷமாகத்தான் இருந்தன. அதை இப்போது நினைத்தால் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

ஆவணி ஒன்றாம் தேதி புதன்கிழமை. காலண்டரைக் கிழித்துப் பார்த்தேன். அஷ்டமி. மறுநாள் நவமி. அவளிடம் சொல்லத் தயங்கினேன். அவளே காலண்டரை எட்டிப் பார்த்துவிட்டு, "வெள்ளிக்கெழமையா?" என்றாள். நான் தலையாட்டினேன். "இம்புட்டு நாள் பொறுத்தாச்சு, இன்னும் ரெண்டு நாளு" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை, நல்ல நேரம் பார்த்து, தலைக்குக் குளித்து, இரண்டு பேரும் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தோம். சூடம் எல்லாம் வேண்டாம், புகை உள்ளே போகும் என்று அவள் சொன்னதால் திருநீறு மட்டும் அவள் நெற்றியில் பூசினேன். இரவல் வாங்கிய டிவி ஒன்றை அதோடு சேர்த்திருந்தாள். பொத்தானை அமுக்கினாள்.

விசிறி ஒரு சுற்றுச் சுற்றியது. நின்றது. மறுபடி ஒரு சுற்று. நின்றது. டிவி கறுப்பாகவே இருந்தது.

"இப்பிடித்தான் மெதுவா வருமா?" என்று கேட்டேன்.

அவள் வயரைப் பிடுங்கினாள், செருகினாள். அமுக்கினாள். ஒரு சுற்று, நின்றது. மூடியைத் திறந்தாள். கார்டைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். இரண்டு நாளாக மாட்டியதை மத்தியானத்துக்குள் முழுக்கக் கழற்றி, போர்டை டப்பாமேல் வைத்து, ஆடி எட்டாம் தேதி எப்படி வைத்திருந்தாளோ அப்படியே வைத்து அமுக்கினாள். அதே ஒரு சுற்றுத்தான். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக மாற்றினாள். நான் தட்டில் திருகாணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. சோறு வடிக்கக்கூட நான் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் கடைக்குப் போனோம். நானும் வருகிறேன் என்று சொல்லிப் போனேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கடைக்காரரிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். தம்பி, அவ அன்னைக்கே போட்டுப் பாக்கத்தான் போனா, நான்தான் தடுத்துட்டேன், தப்பு என்மேல, அவளுக்குப் பாத்து செய்யுங்க. இவ்வளவுதான். மாட்டுத்தாவணி வருவதற்குள் பத்து தடவை சொல்லிப் பார்த்தேன். சிம்மக்கல்லில் இறங்கும்போது மனப்பாடம்.

ரிப்பேர் பார்க்கிறவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழையபடி மாட்டித்தான் அவள் எடுத்துவந்திருந்தாள்.

"இதுக்குள்ள கை விட எலிக்குஞ்சாலதான்க்கா முடியும். யாரு மாட்டுனது?"

"நாந்தாண்ணே."

"நீங்களா? சும்மா சொல்லக் கூடாது, வயரெல்லாம் நல்லா இழுத்துக் கட்டிருக்கீங்க. நம்ம கடைலயே வேலைக்கு வந்துருங்க."

அவள் கொஞ்சம் சிரித்தாள். அவர் ஒவ்வொன்றாகக் கழற்றி, தன்னிடம் இருந்த நல்ல சாமான்களை மாட்டி மாட்டிப் பார்த்தார். அரை மணி நேரம் ஆகியிருக்கும். கடைசியில் ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தார்.

"போர்டுதான்க்கா. மத்ததெல்லாம் நல்லாருக்கு. நீங்க ஒண்ணும் பண்ணல, வந்தப்பவே இப்பிடித்தான் இருந்திருக்கும். பில்லு வச்சிருக்கீங்களா?"

அவள் நாலாக மடித்திருந்த பில்லைக் கொடுத்தாள். அவர் விரித்துத் தேதியைப் பார்த்தார்.

"அடடா. பத்து நாளைக்குள்ளன்னா கையோட மாத்திக் குடுத்துருப்பாங்கக்கா. கீழயே போட்டுருக்கே. இனிமே கம்பெனிக்குத்தான் அனுப்பணும். போய் வர ஒரு மாசம் ஒண்ணர மாசம் ஆயிரும். ஏன்க்கா, வாங்குன அன்னைக்கே ஒரு தடவ போட்டுப் பாக்க வேணாமா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அன்றைக்கு அவள் பில்லைப் படித்துவிட்டு மடித்துவைத்தாளே, அவளுக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் சரி என்றாள். ஒருநாளும் வாய் திறந்து கேட்காத அம்மா ஒன்று கேட்டுவிட்டாள் என்று சரி சொல்லியிருக்கிறாள்.

"நேரம் இல்லாமப் போச்சுண்ணே" என்றாள்.

"நான்தான்" என்றேன்.

வெளியே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"என்னம்மா சொன்னீங்க?"

அவர் என்னையே பார்த்தார். பக்கத்து ஸ்டூலில் இருந்த இரண்டு பேரும் பார்த்தார்கள். மனப்பாடம் செய்தது முழுக்கப் போய்விட்டது.

"ஒண்ணுமில்ல தம்பி."

வேறு போர்டு கிடைக்குமா என்று அவள் கேட்டாள். அந்த அளவில் கிடையாது, பெரிய அளவில் இன்றைக்கே தரலாம், ஆனால் அது இந்தப் பெட்டிக்குள் போகாது, பெட்டியும் பெரிதாக வாங்க வேண்டும் என்றார். அவள் சேர்த்துவைத்திருந்ததையெல்லாம் இதில்தான் போட்டிருந்தாள். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, போர்டை மட்டும் கம்பெனிக்கு அனுப்பச் சொல்லி அங்கே விட்டுவிட்டு வந்தாள். வீட்டு முகவரியையும் என் போன் நம்பரையும் எழுதிக்கொடுத்தாள். திரும்பி வரும்போது பெட்டி அவள் மடியில் இருந்தது. இப்போது கனம் இல்லை என்றாள்.

மகனிடம் கேட்கலாம். பெரிய போர்டும் பெரிய பெட்டியும் வாங்க அவன் மனது வைத்தால் முடியும். ஆபீஸுக்குத் தூக்கிப்போவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அவள் கேட்க மாட்டாள். நான்தான் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாடிப்படி ஏறினேன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மருமகள் பரிமாறிக்கொண்டிருந்தாள். வாசற்படியில் நின்றேன்.

"என்னம்மா?"

"அந்தக் கம்ப்யூட்டரு..."

"ஆமா, கேள்விப்பட்டேன். ஓடலையாமே. இன்னும் எம்புட்டு இதுல கொட்டப்போறா அவ? நல்லபடியா அவ வீட்டுக்குப் போனான்னா எல்லாருக்கும் நிம்மதி. நீ சொல்ல மாட்டியா அவகிட்ட?"

அவன் கோபமாகச் சொல்லவில்லை. கறிச்சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். உள்ளே போய் அவன் எதிரில் உட்கார்ந்து, இது அவள் தப்பில்லை, என் தப்பு, எனக்காக இந்த ஒரு தடவை செய் என்று சொல்லியிருக்கலாம். பெற்ற மகன்தானே. ரசம் வேண்டுமா என்று மருமகள் அவனிடம் கேட்டாள். அவன் வேண்டும் என்றான். நான் படி இறங்கி வந்துவிட்டேன்.

திங்கள்கிழமை காலையில் அவள் ஆபீஸுக்குப் போன் செய்தாள். சுவர்ப் பக்கம் திரும்பி நின்று பேசினாள்.

"ஒரே ஒரு மாசம்க்கா. போர்டு வந்துரும். ... இல்லக்கா, ஆபீஸ்ல ஒரு சிஸ்டம் குடுத்தீங்கன்னா தெனமும்கூட வந்துருவேன். ... சரிக்கா. ... இல்ல, புரியுது. ... பரவால்லக்கா, நீங்க என்ன செய்வீங்க."

வைத்துவிட்டு, தரையில் கிடந்த அட்டைத் துண்டுகளைப் பொறுக்கிக் குப்பையில் போட்டாள். வேறு ஆளை எடுத்துவிட்டார்கள்.

"நான் சொன்னதுனாலதான தாயி" என்றேன்.

"விடும்மா. போர்டு கெட்டது ஒன்னாலயா?"

"அன்னைக்கே போட்டுப் பாத்திருந்தா..."

"பாத்திருந்தா மாத்திருப்பாங்க. இப்ப என்ன செய்யச் சொல்ற? ஒன்னையத் திட்டச் சொல்றியா? எனக்குத் திட்டத் தெம்பில்லம்மா."

திட்டியிருந்தால் தேவலை.

ஆவணி எட்டாம் தேதி அவர்கள் வந்தார்கள். மருமகன், அவர் அம்மா, கூட ஒரு பெரியவர். மகன் அவர்களை உட்காரவைத்துப் பேசினான். வேலை என்று ஒன்று இருந்திருந்தால் அவன் வேறு மாதிரி பேசியிருப்பான் என்று இன்றைக்கும் நம்புகிறேன். இல்லாததால், பார்த்து நடந்துகொள்ளுங்கள், அவளும் மனுஷிதான் என்று மட்டும் சொன்னான். மருமகன் எல்லாவற்றுக்கும் சரி மச்சான் என்றார். காப்பி நன்றாக இருக்கிறது என்றார். அவரைப் பார்க்கிற யாரும் நல்ல மனிதர் என்றுதான் சொல்வார்கள்.

சம்பந்தியம்மாள் என் அறைக்குள் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். மகள் பீரோவிலிருந்து சேலைகளை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அது என்ன மதினி, மூலையில? புது மிக்சியா?" என்று என்னைக் கேட்டார்.

மகள் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"ஆமாத்த, மிக்சிதான். ஓடாது."

"ஓடாட்டி என்னத்துக்கு எடத்த அடச்சுக்கிட்டு? எடைக்குப் போட்டுட வேண்டியதான."

"போட்டுறலாம்" என்றாள்.

கிளம்பும்போது என் காலைத் தொட்டாள். நான் அவள் தலையில் கை வைத்தேன். போகாதே என்று ஒரு சொல். அந்த ஒரு சொல்லுக்கு அங்கே இடம் இருந்தது. எல்லோரும் வாசலில் நின்றார்கள், அவள் குனிந்திருந்தாள், ஒருவரும் பேசவில்லை. நான் சொல்லுவேன் என்றுதான் அவ்வளவு நேரம் குனிந்திருந்தாளோ என்று இப்போது தோன்றுகிறது. "பத்திரமா இரு தாயி" என்றேன். கார் மேலூர் ரோட்டில் திரும்புகிற வரை நின்றேன்.

புரட்டாசி பாதியில் கடையிலிருந்து போன் வந்தது. போர்டு வந்துவிட்டது, புதிதாகவே மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டார்கள். சரி என்றேன். கொண்டுவந்து கொடுத்தவர் கடையிலேயே போட்டுப் பார்த்துவிட்டதாகவும், நன்றாக ஓடுகிறது என்றும் சொன்னார். வாங்கிப் பீரோவில் சேலைகள் இருந்த தட்டில் வைத்தேன். அந்தத் தட்டு இப்போது காலி.

மகளுக்குச் சொல்லலாம் என்று அன்றைக்கே கூப்பிட்டேன். மருமகன் எடுத்தார்.

"சொல்லுங்கத்த, என்ன விசயம்?"

"சும்மாதான்யா."

"அவ மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருக்கா. வந்ததும் சொல்றேன்."

ஒரு வாரம் கழித்து மறுபடி கூப்பிட்டேன். மறுபடி அவர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பேசுவாள். பக்கத்தில் யாரோ இருப்பது அவள் குரலிலேயே தெரியும். சாப்ட்டியா என்பேன், சாப்ட்டேன் என்பாள். மழை பெய்ததா என்பாள், பெய்யலை என்பேன். பிறகு அவள் மூச்சு விடுவது கேட்கும்.

அவள் போன் அவரிடம் இருப்பதால்தான் சொல்ல முடியவில்லை என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. போர்டு வந்துவிட்டது என்று சொன்னால், அவள் வரட்டுமா என்று கேட்பாள். கேட்காவிட்டாலும் கேட்டதுபோல மௌனமாக இருப்பாள். வா என்று சொல்ல இந்த வீடு என்னுடையது இல்லை. வராதே என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. மாடியில் ஆள் நடக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம், இப்போதே ஏறிப்போய் மகனிடம் பேசிவிடலாம் என்று எழுந்திருக்கிறேன். முதல் படி வரைக்கும் போகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமையும் அவள் கூப்பிட்டாள். சாப்ட்டியா என்று கேட்டேன்.